டைம்டேபிள் ஒன்பது, டெஸ்ட் இரண்டு

கரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 31. பி.காம். ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார், மாதம் 14,500 ரூபாய். கணவருக்கு பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் வேலை. பையன் இரண்டாம் வகுப்பு. டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள ஆசை. 2024 ஜூன் தேர்வில் 200-க்கு 160 கேள்வி சரி. அவருடைய பிரிவில் ஐந்தாறு கேள்வியில் கைநழுவிப் போய்விட்டது. 'இந்த முறை விடுவதில்லை' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்து, சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லி, காலை 4 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து படித்தார். 2025 ஜூலையில் 143தான் வந்தது. அதிலிருந்து புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி. ஒன்பது முறை டைம்டேபிள் போட்டாயிற்று. '21 நாள் சவால்' என்று ஆரம்பிப்பார், பையனுக்குக் காய்ச்சல், வீட்டில் விசேஷம், ஆபீசில் மாதக் கடைசி என்று ஏதாவது ஒன்றில் அறுந்துபோகும். தூங்கும் முன் தன்னம்பிக்கை வீடியோ பார்க்கிறார். பார்க்கும்போது ரத்தம் சூடேறுகிறது, விடிந்தால் ஆறிப்போகிறது. "அக்கா, எனக்கு மோட்டிவேஷனே வர மாட்டேன் என்கிறது. நான் பிறவிச் சோம்பேறியா? வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷம் உட்கார்ந்து படித்தால் வருமா? 32 முடிந்தால் எல்லாம் முடிந்ததா?" என்று கேட்கிறார்.

அக்கா என்று எழுதிவிட்டீர்கள், நானும் தங்கச்சியிடம் பேசுவதுபோலவே பேசுகிறேன். ஒன்றிரண்டு இடத்தில் சுருக்கென்று இருக்கலாம்.

முதலில் அந்தச் சோம்பேறி விஷயம். காலையில் சமைத்துப் பையனைப் பள்ளிக்கு அனுப்பி, ஒன்பது மணி நேரம் டேலி என்ற அக்கவுன்ட்ஸ் மென்பொருளில் உட்கார்ந்து, வந்து மறுபடி சமைத்து, அதற்கு மேல் 14 நோட்டு நிறைய மூன்று கலர் பேனாவில் குறிப்பு எடுத்திருக்கிறீர்கள். சோம்பேறிகள் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த வார்த்தையை இத்தோடு விட்டுவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது, உங்களையே நொந்துகொள்ளத்தான் முடியும்.

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான், கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் நீங்கள் எழுதியிருந்த இரண்டு வரி கண்ணில் பட்டது. 2024: தமிழ் 92, பொது அறிவு 57, கணக்கு 11. 2025: தமிழ் 82, பொது அறிவு 51, கணக்கு 10. தமிழும் பொது அறிவும் ஏறும், இறங்கும். வினாத்தாள் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது அது. 25 கணக்கில் 11 எடுத்தவர், 2024 ஜூன் 9-லிருந்து 2025 ஜூலை 12 வரை பதின்மூன்று மாதம் 4 மணிக்கு எழுந்து படித்த பிறகு 10 எடுத்திருக்கிறார் என்றால், அந்தப் பதின்மூன்று மாதத்தில் கணக்கைத் தொடவே இல்லை என்றுதான் அர்த்தம். 14 நோட்டில் எந்தெந்தப் பாடம் என்று பட்டியல் போட்டிருக்கிறீர்களே, அதில் கணக்கு நோட்டு ஒன்றுகூட இல்லை. அரசியலமைப்பை ஐந்தாவது தடவை படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். மாதிரித் தேர்வு எழுதியது மொத்தம் இரண்டு.

கொட்டாவி எங்கிருந்து வருகிறது

உங்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. உங்களுக்குக் கணக்கைக் கண்டால் பயம், அந்தப் பயம் மற்ற பாடங்கள் மேலும் பரவிவிட்டது. எட்டாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் நிற்க வைத்து டீச்சர் கேட்ட கேள்வியை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் தாண்டவில்லை. உட்கார்ந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் அந்தக் கரும்பலகை வரும், ஆகவே மனசு முன்கூட்டியே 'தூக்கம் வருகிறது' என்று கதவைச் சாத்திவிடுகிறது. சரி, படிக்காமலும் இருக்க முடியாது, குற்ற உணர்ச்சி. அதனால் பாதுகாப்பான இடமாகப் பார்த்து உட்கார்கிறீர்கள்: ஏற்கெனவே தெரிந்த அரசியலமைப்பு. படித்த மாதிரியும் ஆயிற்று, தோற்கவும் வேண்டாம்.

தள்ளிப்போடுவது பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். டிம் பிச்சில், ஃபுஷியா சிரோயிஸ் போன்ற உளவியலாளர்கள் இதை நேர நிர்வாகப் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. ஒரு வேலை தரும் கசப்பான உணர்விலிருந்து கொஞ்ச நேரத்துக்குத் தப்பிக்கிற வழியாகத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் உங்கள் ஒன்பது டைம்டேபிளும் வேலைக்கு ஆகவில்லை. நேரம் உங்களுக்கு இரண்டாவது பிரச்சினைதான்.

கலர் குறிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. வருத்தப்படாதீர்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பத் திரும்பப் படிப்பது ஏமாற்றும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினரை ஒரே பாடத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அப்படியே தலைகீழ். உங்கள் 92 எப்படி 82 ஆயிற்று என்பதற்கு வினாத்தாள் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணமாக இருக்கலாம். இரண்டே இரண்டு மாதிரித் தேர்வு எழுதியவருக்கு, எது மறந்துபோயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. டெஸ்ட் எழுதாமல் இருந்ததும் தப்பித்தல்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு விழுக்காடு தெரியும்

'எனக்குக் கணக்கு வராது' என்று எழுதியவர், நூல் வாங்கிய பில்லுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டு, தள்ளுபடி கழித்து, பாக்கியைத் தேதிவாரியாக வைத்து, மாதாமாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்கிறவர். விழுக்காடு உங்கள் சோறு. அது பள்ளிப் புத்தகத்தின் உருவத்தில் வரும்போதுதான் உங்களுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகிறது.

'காலமும் வேலையும்' என்று ஒரு பாடம் இருக்கிறதே, பார்த்தாலே மூடிவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பஸ்ஸுக்கு அவர் தனியாக பெயின்ட் அடித்தால் 6 நாள், புதிதாகச் சேர்ந்த பையன் தனியாக அடித்தால் 12 நாள். இரண்டு பேரும் சேர்ந்தால்? பஸ்ஸில் 12 பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (6, 12 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 12, அதனால்தான் 12). அவர் ஒரு நாளைக்கு 2 பலகை, பையன் ஒரு பலகை, சேர்ந்தால் 3. பன்னிரண்டு பலகைக்கு 4 நாள். முடிந்தது. இந்தப் பாடத்தில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்தப் பலகைக் கணக்கின் அண்ணன் தம்பிகள்தான். இடையில் ஒருவர் விலகிப் போவார், ஒருவர் லேட்டாக வருவார், அவ்வளவுதான்.

நான் பயிற்சி மைய ஆசிரியை இல்லை, மனநல ஆலோசகர். இருந்தும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்வம் வந்த பிறகு உட்காரலாம் என்று காத்திருக்கிறீர்கள். உங்கள் விஷயத்தில் அது எதிர்த்திசையில்தான் வரும். வராது என்று நினைத்த ஒரு கணக்கு வந்துவிட்டால், அடுத்ததைப் போட்டுப் பார்க்கலாமே என்று கை தானாக நீளும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சிகிச்சைகளில் ஒன்றே இந்த அடிப்படையில் நடக்கிறது: மனநிலை மாறட்டும் என்று காத்திராமல் சின்னச் செயலை முதலில் செய்யவைப்பது. தன்னம்பிக்கை வீடியோவில் இது கிடைக்காது, ஏனென்றால் அங்கே ஜெயிப்பது வேறு யாரோ.

21 நாள் கணக்கு

இது எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. மூக்குக்குச் சொன்னது படிப்புக்கு வந்துவிட்டது.

லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து, ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்க எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். அதில் உங்களுக்கு வேண்டியது வேறொரு வரி: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. பையனுக்குக் காய்ச்சல் வந்த ஒன்பதாம் நாள் உங்கள் முயற்சி கெட்டுப்போகவில்லை. 'போச்சு, மறுபடி முதல் நாளிலிருந்து' என்று நீங்கள் பத்தாம் நாள் முடிவு செய்ததில்தான் கெட்டது. இனி நாளை எண்ணாதீர்கள், போட்ட கணக்கை எண்ணுங்கள். விட்டுப்போன நாளுக்காக அந்த எண்ணிக்கை குறையாது.

கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2010-இல் ஒரு ஆய்வு. முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டுக் கோட்டைவிட்ட மாணவர்களில், தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். நம் வீடுகளில் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். திட்டினால்தான் உருப்படும் என்பார்கள். ஒன்பது டைம்டேபிள் போடும்வரை நீங்களே உங்களைத் திட்டிப் பார்த்துவிட்டீர்களே, போதாதா?

நாளை முதல் என்ன செய்யலாம்

4 மணி அலாரத்தை எடுத்துவிடுங்கள். இரவு 11.30-க்குப் படுத்து 4-க்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். படித்தது நினைவில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதை வெட்டிவிட்டு அதே நினைவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஐந்தரைக்கு எழுந்தால் போதும்.

இரவுச் சாப்பாடு முடிந்து கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைக்கிறீர்கள் அல்லவா, அந்த நிமிடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சமையல் மேடை ஓரத்தில் ஒரு பழைய வினாத்தாளும் பேனாவும் இருக்கட்டும். கை காய்ந்ததும் நின்றபடியே ஐந்து கணக்கு. ஐந்துதான். ஆறாவது வேண்டாம் என்றுகூடச் சொல்வேன், முதல் இரண்டு வாரத்துக்கு. 'தினமும் படிப்பேன்' என்பதைவிட 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று இடமும் நேரமும் ஒட்டிவைத்த தீர்மானம் அதிகம் நடந்தேறுகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் நிறையச் சோதனைகளில் காட்டியிருக்கிறார். பாத்திரம் கழுவாத நாள் உங்கள் வீட்டில் இல்லை என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். (கழுவுவதை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது, ஆனால் அது வேறு கடிதம்.)

பழைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். பள்ளிப் பாடநூல்களும் இணையத்தில் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடக்கும், கேட்டுப் பாருங்கள். நீங்கள் சேர்ந்திருக்கும் நான்கு டெலிகிராம் குழுவில் மூன்றிலிருந்து வெளியே வந்துவிடலாம். அங்கே சேர்வது பிடிஎஃப்தான், படிப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம், முழு 200 கேள்வி, வட்டத்தைக் கறுப்பாக்கும் ஓஎம்ஆர் விடைத்தாள், கறுப்புப் பேனா, மாதம் இரண்டு தடவை. மதிப்பெண் யாருக்கும் சொல்ல வேண்டாம். ஸ்டேட்டஸும் வேண்டாம். ஊரைக் கூட்டிச் சொன்னால் வேகம் வரும் என்று நினைத்தீர்கள், வந்தது என்னவோ சித்தி வீட்டு வளைகாப்பில் 'என்னம்மா, ரிசல்ட் என்ன ஆச்சு' என்ற கேள்விதான். ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். அதே தேர்வுக்குப் படிக்கிற தோழி ஒருத்தி இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, போட்ட ஐந்து கணக்கைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினால் போதும்.

வேலையை விடலாமா?

என் கருத்து: இப்போது வேண்டாம். 2025-இல் அறிவித்தபோது இருந்தது 3,935 இடம், எழுதியவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, 160 எடுத்தவருக்கு இது எட்டாத உயரம் இல்லை. ஆனால் இந்த எண்ணிக்கையை நம்பி மாதம் 14,500-ஐ விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், ஒவ்வொரு நாளும் 'இன்று எவ்வளவு படித்தாய்' என்ற கேள்வி யாரும் கேட்காமலே காதில் விழும். ஏற்கெனவே பயந்து ஓடுகிற மனசுக்கு அது நல்லதில்லை. இன்னொன்று, ஒரு வருஷம் முழுநேரமாக அரசியலமைப்பை ஆறாவது, ஏழாவது தடவை படிப்பீர்கள். நேரம் கூடினால் தப்பிக்கவும் இடம் கூடும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. 2025-இல் ஏப்ரல் கடைசியில் அறிவிப்பு, ஜூலை 12-இல் தேர்வு; நடுவில் இரண்டரை மாதம். தேர்வாணையத்தின் ஆண்டு அட்டவணையில் தேர்வு மாதம் முன்பே தெரிந்துவிடும். அதைப் பார்த்து, தேர்வுக்கு முந்தைய 30 நாள் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று இப்போதே முதலாளியிடம் பேசிவைக்கலாம், வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில். ஒரு மாதச் சம்பளம் போகும். அதை இப்போதிருந்து மாதம் ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறாகச் சேர்த்துவைக்க முடியும்.

32 பயம் தேவையில்லை. அது பொதுப் பிரிவினருக்கான உச்ச வயது. பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தளர்வு உண்டு, அது பதவிக்குப் பதவி மாறும். யூடியூப்பில் கேட்காமல் அறிவிப்பிலேயே வயது அட்டவணையைப் பாருங்கள்.

ஆனால் வயது இடம் கொடுக்கிறது என்பதற்காக எழுதிக்கொண்டே இருக்கவும் சொல்ல மாட்டேன். எத்தனை தடவை என்பதை இப்போதே, தேர்வு பக்கத்தில் இல்லாத அமைதியான நாளில், நீங்களும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். இன்னும் இரண்டு என்றால் இரண்டு. இத்தனை வருஷம் போட்டாயிற்றே, எப்படி விடுவது என்று ரிசல்ட் வந்த இரவில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அதோடு, ஜிஎஸ்டி வேலை கைவசம் இருக்கும் பி.காம் பட்டதாரிக்கு வேறு நல்ல வழிகளும் உண்டு.

இன்னொரு விஷயம், இது முக்கியம்

ரிசல்ட்டுக்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை, இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் தூக்கம் போய்விடுகிறது, பையன் ஓடிவந்து கட்டிக்கொண்டால்கூட எதுவும் தோன்றவில்லை என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இது இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால், மேலே எழுதியதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வாக இருக்கலாம், அது குணமாகக்கூடியது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள், யோசிக்காதீர்கள்.

கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. சத்தில்லாத உடம்பு கொட்டாவி விட்டால் அதற்கும் 'மோட்டிவேஷன் இல்லை' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை 2024 வினாத்தாளின் கணக்குப் பகுதியை மட்டும், 25 கேள்வியையும், நேரம் பார்க்காமல் போடுங்கள். பையனைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளலாம், அவனும் அவன் வாய்ப்பாட்டை எழுதட்டும். எத்தனை சரி என்று எனக்கு எழுதுங்கள். ஒன்பதே வந்தாலும் எழுதுங்கள், தப்பான பதினாறையும் சேர்த்து அனுப்பினால் எந்தப் பாடத்திலிருந்து தொடங்கலாம் என்று பார்ப்போம்.